தூத்துக்குடியில் கிடைக்காத நீலம்

தூத்துக்குடி நிலத்துக்குப் பல நிறங்கள் உண்டு. திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியின் மணல்மேடுகள் செக்கச்செவேலென்று கிடக்கின்றன. ஊரைச் சுற்றிய உப்பளங்களில் கண் கூசும் வெள்ளை. கடற்கரையில் அலை இழுத்துவிட்டுப் போன இடங்களில் கறுப்பு மணல் வரிவரியாகப் படிந்திருக்கும். அதோடு கார்னெட் கலந்துவிட்டால் கரையே ரோஜா நிறத்துக்குச் சாயும். நீலம் மட்டும் நிலத்தில் கிடையாது. கடல் நீலம்தானே என்று கேட்கலாம். அள்ளிப் பார்த்தால் கையில் நிற்பது நிறமற்ற தண்ணீர்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தானோ என்னவோ, இப்போது வீட்டு அலமாரிகளுக்கு நீலக்கல் வந்து சேர்கிறது. மில்லர்புரம் போன்ற குடியிருப்புகளில் புதுவீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்திலோ மாடிப்படித் திருப்பத்து மாடத்திலோ, உள்ளங்கை அகலத்துக்கு மெருகேற்றிய ஒரு கல்லை வைக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கடலோர வீடுகளில் முன்பு அந்த இடத்தைப் பிடித்திருந்தவை வேறு: சங்கு, முத்துச்சிப்பி ஓடு, கிளைகிளையாகப் பிரிந்த வெள்ளைப் பவளப்பாறைத் துண்டு. பவளப்பாறையை இனி அப்படி எடுத்து வந்து வைக்க முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உயிரைப் பறிக்காத, வழக்கு வராத இயற்கை அலங்காரம் வேண்டுமென்றால் மிஞ்சுவது கல்தான்.

இணையக் கடைகளில் தேடினால் லாபிஸ் லசூலி, சோடலைட், அசுரைட், லாப்ரடோரைட், நீல அகேட் என்று பட்டியல் நீளும். எல்லாம் நீலம்தான். ஆனால் ஒன்றின் நீலத்துக்கும் இன்னொன்றின் நீலத்துக்கும் பெரும்பாலும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒன்றில் கந்தகம் வேலை செய்கிறது, இன்னொன்றில் தாமிரம். இதே வரிசையில் விலை உச்சத்தில் நிற்கும் நீலமணிக்கு இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து நிறம் தருகின்றன. லாப்ரடோரைட்டின் நீலத்தில் சாயம் எதுவுமே இல்லை, வெறும் அடுக்குதான். வேடிக்கை என்னவென்றால், இந்த மூலப்பொருள்கள் அத்தனையும் மில்லர்புரத்திலிருந்து டவுன் பஸ்ஸிலோ அடுத்த ஊர் பஸ்ஸிலோ போய்விடக்கூடிய தூரத்தில் குவியல் குவியலாக இருக்கின்றன, அல்லது சில ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தன. நீலமாக மட்டும் இல்லை.

தேரியின் சிவப்பிலிருந்தே தொடங்கலாம். அந்த மணல் சிவந்திருப்பதற்குக் காரணம் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. அது வெயிலின் நீல, ஊதாப் பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. நீல ஒளித்துகளுக்கு ஆற்றல் அதிகம், சுமார் 2.8 எலக்ட்ரான் வோல்ட். சிவப்புக்கு ஏறக்குறைய 1.8தான். சாதாரணப் பாறைகளில் உள்ள அணுக்களில் எலக்ட்ரான் ஒரு படி ஏறுவதற்குப் பெரும்பாலும் கூடுதல் ஆற்றல் வேண்டும். அதனால் அவை எதையாவது விழுங்கினால் நீலத்தைத்தான் முதலில் விழுங்கும். கல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ சிவப்பாகவோ தெரியும். நீலமாகத் தெரிய வேண்டிய கல்லுக்குக் கணக்கு தலைகீழ். ஆற்றல் குறைந்த சிவப்பையும் மஞ்சளையும் விழுங்க வேண்டும், ஆற்றல் மிகுந்த நீலத்தைத் தொடாமல் விட வேண்டும். எலக்ட்ரானுக்கு அவ்வளவு சின்னப் படி அமைவது அபூர்வம். இதுவரை அங்கீகரிக்கப்பட்ட கனிமங்கள் 6,000க்கு மேல். நல்ல நீலம் என்று சொல்லக்கூடியவை அவற்றில் சிறுபான்மைதான்.

உப்பில் படி இன்னும் உயரம். கண்ணுக்குத் தெரியும் ஒளி எதுவும் அதில் எலக்ட்ரானை ஏற்றிவிட முடியாது. ஆகவே ஒளி அத்தனையும் உள்ளே புகுந்து, கோடிக்கணக்கான சிறு முகங்களில் மோதிச் சிதறி, வெள்ளையாக வெளியே வருகிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடியில். இவ்வளவு உப்பிலும் ஒரு நீலப் பரல் கிடையாது.

நீல உப்பு உலகத்தில் இல்லாமலில்லை. ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட், அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் போன்ற பொட்டாஷ் சுரங்கங்களில் மைக்கூட்டு நிறத்தில் உப்புக் கட்டிகள் கிடைத்திருக்கின்றன. பக்கத்திலேயே உள்ள பொட்டாசிய உப்புகளில் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை சிறிதளவு இருக்கிறது. அதன் கதிர்வீச்சு உப்புப் படிகத்துக்குள் எலக்ட்ரான்களைத் தட்டிக் கிளப்புகிறது. பல கோடி ஆண்டுகளில் சில சோடியம் அணுக்கள் அந்த எலக்ட்ரான்களைப் பெற்று, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உலோகத் துகள்களாகத் திரள்கின்றன. நீலம் அந்தத் துகள்களின் வேலை. பாத்தியில் சில வாரங்களில் விளைந்து வாரப்படும் உப்புக்கு அவ்வளவு காலம் எங்கே இருக்கிறது? வாங்கி வந்து வைக்கலாம் என்றாலும் இந்த ஊருக்கு ஒத்துவராது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும்.

உப்பைக் கூட்டுக்குள் பூட்டி வைத்த ஒரு நீலக்கல் உண்டு, அதற்கு இந்தத் தொல்லை இல்லை. அதுதான் சோடலைட். அதன் வேதிச் சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் ஆறு பங்கு சோடியம் அலுமினியம் சிலிக்கேட்டும் இரண்டு பங்கு சமையல் உப்பும் வரும். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்து சின்னச் சின்னக் கூடுகள் கட்டுகின்றன. ஒவ்வொரு கூட்டின் நடுவிலும் ஒரு குளோரின். தண்ணீர் பட்டாலும் அது வெளியே வராது. கடைகளில் ‘ப்ளூ ஸ்டோன்’ என்ற பெயரில் வரும் உருண்டை, பிரமிடு, புத்தகத் தாங்கிகளில் கணிசமானவை சோடலைட்தான். அடர்நீலத்தில் வெள்ளை வரி ஓடியிருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிரேசிலும் நமீபியாவும் நிறையத் தருகின்றன. இந்தியாவில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இது கிடைப்பதைப் புவியியலாளர்கள் நூறாண்டுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். இன்று பளிங்குச் சந்தைக்குப் பேர்போன ஊர் அது.

அதே கூட்டில் குளோரினுக்குப் பதிலாகக் கந்தகத்தைக் குடிவைத்தால் லாபிஸ் லசூலியின் நீலம் பிறக்கிறது. மூன்று கந்தக அணுக்கள் ஓர் எதிர்மின் சுமையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் அமைப்பு அது. திறந்த வெளியில் விட்டால் காற்றோடு வினைபுரிந்து அழிந்துவிடும். கூடுதான் அதைக் காப்பாற்றுகிறது. இந்த மூன்று கந்தகக் கூட்டணி மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் இடைப்பட்ட ஒளியைப் பலமாக விழுங்குவதால் கல் அத்தனை ஆழ்ந்த நீலமாகத் தெரிகிறது. வெறும் கந்தகம் மஞ்சள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த வித்தை எவ்வளவு பெரியது என்று புரியும்.

ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் உள்ள சர்-இ-சங் சுரங்கத்தில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக லாபிஸ் வெட்டுகிறார்கள். அந்த வணிகத்துக்காகச் சிந்துவெளி மக்கள் ஆமு தரியா ஆற்றருகே ஷார்ட்டுகாய் என்ற இடத்தில் ஒரு குடியேற்றமே வைத்திருந்தார்கள். எகிப்தில் தூத்தன்காமுனின் பொன் முகமூடியில் புருவம் தீட்டியதும் இந்தக் கல்லால்தான். இவ்வளவு பழம்பெருமையைச் சொல்லி விற்பவர்கள் அண்மைக்கால வரலாற்றைச் சொல்வதில்லை. பதக்ஷான் லாபிஸ் சுரங்கங்களின் வருமானம் ஆயுதக் குழுக்களுக்குப் போவதாக 2016இல் குளோபல் விட்னஸ் அமைப்பு விரிவாக அறிக்கை வெளியிட்டது. ‘இயற்கை’ என்று சீட்டு ஒட்டிய பொருள் எல்லாம் யாருக்கும் கேடில்லாமல் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

லாபிஸின் நீலம் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதியதல்ல. வெள்ளைத் துணிக்குப் போட்ட பழைய தூள் நீலமும், சுவருக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கலந்த நீலமும் வேதியியலில் இதே பொருள்தான். ஐரோப்பிய ஓவியர்கள் லாபிஸை அரைத்து எடுத்த அல்ட்ராமரின் வண்ணம் கட்டுப்படியாகாத விலையில் இருந்ததால், அதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று 1824இல் பிரான்சில் ஒரு சங்கம் அறிவித்தது. 1828இல் ழான் பாப்தீஸ்த் கிமே அதை வென்றார். அதே ஆண்டில் ஜெர்மனியின் க்மெலின் தம் முறையை வெளியிட்டார். களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றை உலையில் சுட்டால் போதும். சென்னை அம்பத்தூரில் 1960களிலிருந்து அல்ட்ராமரின் தயாராகிறது. இரண்டு தலைமுறை அம்மாக்கள் வாளித் தண்ணீரில் கரைத்தது பாரோ மன்னனின் புருவத்து நிறம்.

கந்தகம் தூத்துக்குடிக்கு எப்படி வந்தது என்பதில் இன்னொரு நீலத்தின் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1990களின் நடுவில் தொடங்கிய ஸ்டெர்லைட் உருக்காலைக்குத் துறைமுகம் வழியாக வெளிநாட்டுத் தாமிரத் தாதுச் செறிவு வந்து இறங்கியது. பெரும்பாலும் சால்கோபைரைட் என்ற கனிமத்தின் பொடி. தூய சால்கோபைரைட்டில் எடைக்கணக்கில் தாமிரம் 34.6, இரும்பு 30.4, கந்தகம் 35 சதவீதம். அதாவது தாமிரத்தைவிடக் கந்தகம் ஒரு பிடி அதிகம். உருக்கும்போது அது கந்தக டை ஆக்சைடாக வெளியேறும். அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்குவார்கள். 2018 மே மாதம் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள், ஆலை மூடப்பட்டது. லாபிஸுக்கு வேண்டிய கந்தகமும் அசுரைட்டுக்கு வேண்டிய தாமிரமும் ஒரே பொடியில் இருந்தன. ஆனால் பொடியின் நிறம் கரும்பச்சை.

தாமிரம் நீலமாக அதற்குத் தண்ணீரும் காற்றும் காலமும் வேண்டும். பூமிக்குள் இருக்கும் தாமிர சல்பைடின் மேல்பகுதியில் மழைநீர் இறங்கும்போது தாமிரம் கரைந்து, கரியமில வாயு நிறைந்த நீரில் கார்பனேட்டாக மீண்டும் படிகிறது. அப்படி உருவாவதுதான் அசுரைட். சுற்றியுள்ள ஆக்சிஜன் அணுக்கள் தாமிரத்தின் எலக்ட்ரான் படிகளைச் சற்றே பிரித்துவைக்கின்றன. அந்தச் சின்ன இடைவெளி சிவப்பு ஒளிக்கு மிகச்சரியாகப் பொருந்துகிறது. சட்டையில் பட்டால் கறைபடும் என்று தோன்றவைக்கும் கனத்த நீலம். ஆனால் நிலையற்றது. வெளிக்காற்றில் மெல்ல மெல்ல மாலகைட் என்ற பச்சைக் கனிமமாக மாறும் போக்கு அதற்கு உண்டு. பழைய ஐரோப்பிய ஓவியங்களில் அசுரைட் பூசிய சில இடங்கள் இன்று பச்சை. வீட்டில் வைப்பவருக்கு அதைக் காண ஆயுள் போதாது. என்றாலும் வெயிலும் உப்புக்காற்றும் நேரே அடிக்கும் சன்னல் ஓரம் அசுரைட்டுக்கு உகந்த இடமில்லை.

தாமிர நீலத்தில் ஒரு போலியும் உலவுகிறது. மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து நூலில் வளர்த்தால் பத்து நாளில் அழகான நீலப் படிகம் கிடைக்கும். பள்ளி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் நிறைய. அதே படிகத்தைப் பாறைத்துண்டில் ஒட்டி, இயற்கையில் கிடைக்கும் சால்காந்தைட் கனிமம் என்று விற்பவர்கள் உண்டு. சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாகப் பயிருக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லி இந்த மயில்துத்தம். குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்கக்கூடாது. சூடுபட்டு உள்ளே இருக்கும் நீர் வெளியேறினால் வெள்ளைத் தூளாகவும் ஆகிவிடும்.

இனிக் கறுப்பு மணல். இந்தக் கதையில் மிக வினோதமான பகுதி இதுதான். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரையில் படிந்திருக்கும் கறுப்புத் துகள் இல்மனைட். அதில் இரும்பும் டைட்டானியமும் சமபங்கு அணுக்களாக ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. காயல்பட்டினத்துக்கு அருகே சாகுபுரம் ஆலையில் இல்மனைட்டிலிருந்து இரும்பை நீக்கிச் செயற்கை ரூட்டைல் (டைட்டானியம் டை ஆக்சைடு) செய்கிறார்கள். அது கடைசியில் வெள்ளைப் பெயின்ட்டாகும். தனியார் தாதுமணல் எடுப்பை 2013இல் தமிழக அரசு நிறுத்தியது, அது தனிப் பெரிய கதை. நம் கதைக்கு வேண்டியது, நீலமணியின் நிறத்துக்குக் காரணமும் இதே இரண்டு தனிமங்கள்தான் என்பது.

நீலமணி என்பது குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. தூயதாக இருந்தால் கண்ணாடி போல நிறமில்லை. டைட்டானியம் மட்டும் துளி சேர்ந்தாலும் நிறமில்லை. இரும்பு மட்டும் சேர்ந்தால் இளமஞ்சள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடங்களில் அமர்ந்தால் மட்டும் ஒன்று நடக்கிறது: இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் டைட்டானியத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றல் மஞ்சள், சிவப்பு ஒளியிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில் இரண்டும் இருந்தால் போதும், நல்ல நீலம் வந்துவிடும். இல்மனைட்டில் ஒவ்வொரு அணுவும் இந்த ஆட்டத்தில் கலந்துகொள்வதால் ஒளி முழுக்க விழுங்கப்பட்டுக் கறுப்பாகிவிடுகிறது. கரையில் நீலத்துக்குப் பஞ்சமில்லை என்றே சொல்லலாம். அளவுக்கு மேல் கொட்டிக்கிடப்பதுதான் சிக்கல்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. செயற்கை மாணிக்கத்தை 1902இல் அறிவித்த பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னே, நீலமணிக்குக் கோபால்ட்தான் காரணம் என்று எண்ணி அதைச் சேர்த்துப் பார்த்தார். குருந்தம் அதை ஏற்கவில்லை. இயற்கைக் கற்களைப் பகுத்துப் பார்த்து இரும்பும் டைட்டானியமும் இருப்பதைக் கண்ட பிறகு, 1910ஐ ஒட்டித்தான் செயற்கை நீலமணி வந்தது. இலங்கையில் பாடம் வேறு வழியில் வந்தது. அங்கே கெவுடா என்று ஒதுக்கிய பால்நிறக் கற்களை 1970களில் தாய்லாந்து வணிகர்கள் சல்லிசாக வாங்கிப்போய் 1,600 பாகைக்கு மேல் சுட்டார்கள். கல்லுக்குள் ஊசிஊசியாக ஒதுங்கியிருந்த ரூட்டைல் கரைந்து, டைட்டானியம் இரும்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பால் வெள்ளை நீலமாயிற்று.

இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கோண்டுவானாப் பெருநிலத்தில் ஒட்டியிருந்தவை. அந்தக் கண்டங்கள் மோதிய வெப்பத்தில் சமைந்த பாறைகள்தான் மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் இருக்கின்றன. 2021 ஜூலையில் ரத்தினபுரியில் ஒரு ரத்தின வணிகரின் வீட்டுக் கொல்லையில் கிணறு வெட்டும்போது கிடைத்ததாக ஒரு நீலமணித் திரள் உலகச் செய்தியானது. எடை சுமார் 510 கிலோ, அதாவது 25 லட்சம் கேரட். மதிப்பு 10 கோடி டாலர்வரை போகும் என்றார்கள். வெட்டி நகையாக்கும் தரம் அதில் எவ்வளவு என்று ரத்தினவியலாளர்கள் பலர் அப்போதே சந்தேகப்பட்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கேரட்டைப் பெருக்கி விலை சொல்வது மோதிரக் கல்லுக்குத்தான் பொருந்தும். வெளிறிய நீலத்தில் கட்டிகட்டியாகக் கிடக்கும் கல் அருங்காட்சியகத்துக்கோ பெரிய மாளிகை முற்றத்துக்கோ உரிய கனிம மாதிரி. அதற்கு விலை வைக்கும் கணக்கே வேறு.

அலமாரிக் கல்லுக்கு மெருகு எதற்கு என்ற கேள்விக்கும் இங்கே விடை சொல்லிவிடலாம். வெட்டிய கல்லின் முகம் கரடுமுரடாக இருப்பதால் மேலே விழும் ஒளி நாலாபக்கமும் சிதறி, உள்ளிருந்து வரும் நிறத்தின் மேல் வெள்ளைத் திரை போடுகிறது. ஆற்றுக்கல் நனைந்தால் நிறம் கூடுவதற்கும் காரணம் இதுதான். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. மெருகேற்றுபவர் ஒன்றைவிட ஒன்று நுண்ணிய தூள்களால் தேய்த்து, பள்ளங்களை ஒளியின் அலைநீளத்துக்கும் கீழே கொண்டுவருகிறார். தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் பச்சைக்கல், நீலக்கல், படிகம் ஆகியவை மூலக்கல்லாகவும் பாதி தேய்த்ததாகவும் முழு மணியாகவும் கிடைத்தன. பக்கத்தில் படியூர், சிவன்மலை வட்டாரத்துக் கற்கள் அவை. கொங்கு நாட்டில் நீலம் கிடைத்தது. பாண்டியக் கரையில் முத்து கிடைத்தது.

அந்த முத்துக்கும் ஒருவகை நீலக்கல்லுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதை ஆராய்ந்தவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். 1921இல் கப்பலில் மத்தியதரைக் கடலைப் பார்த்து, அதன் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமல்ல, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதும் காரணம் என்று காட்டியது பலரும் அறிந்த கதை. நோபல் பரிசுக்கு இருபது ஆண்டு கழித்தும் அவர் நிறத்தை விடவில்லை. 1950இல் ஏ. ஜெயராமனோடு சேர்ந்து லாப்ரடோரைட்டையும் இலங்கை நிலாக்கல்லையும் பற்றி எழுதினார், 1954இல் டி. கிருஷ்ணமூர்த்தியோடு முத்துகளைப் பற்றி. பெங்களூரில் அவர் நிறுவிய ஆய்வுக்கழகத்தில் கல்லும் சிப்பியும் படிகமுமாக அவர் சேர்த்தவை இன்றும் காட்சியில் உள்ளன.

லாப்ரடோரைட்டை நேராகப் பார்த்தால் சாம்பல் நிறம். சற்றே சாய்த்தால் ஒரு கோணத்தில் சட்டென்று மயில்கழுத்து நீலம் பாயும். அதில் நீலத்தை உண்டாக்கும் தாமிரமோ கந்தகமோ இல்லை. உருகிய பாறை மெதுவாக ஆறும்போது, ஒன்றாகக் கலந்திருந்த இருவகை ஃபெல்ஸ்பார் தனித்தனியாகப் பிரிந்து, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு தடிமனுள்ள அடுக்குகளாக அமைகின்றன. அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகளில் நீலம் ஒன்றையொன்று வலுப்படுத்துகிறது, மற்றவை மங்குகின்றன. முத்தில் ஃபெல்ஸ்பாருக்குப் பதில் அரகோனைட் தகடுகள், சுமார் அரை மைக்ரான் தடிமனில். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973இல் சிப்பிக்குள் உருண்டை வைத்து முத்து வளர்த்துக் காட்டியபோது, அந்தச் சிப்பி மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தது இந்த அடுக்கு வேலையைத்தான். பாறைக்கு மிக நெடுங்காலம் பிடித்த காரியம் அது.

கிரானைட் கடைகளில் ‘ப்ளூ பேர்ல்’ என்று ஒரு பலகைக்கல் காட்டுவார்கள். கருநீலத்தில் காசு காசாக வெள்ளி மின்னும். பெயரைக் கேட்டு உள்ளூர் முத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். அது நார்வேயின் லார்விக் நகரப் பக்கத்து லார்விகைட், கிரானைட்டே அல்ல. அதில் மின்னுவதும் அதே ஃபெல்ஸ்பார் அடுக்குகள்தான்.

கடைசியாகச் சாயம். அகேட் வில்லைகளாகக் கிடைக்கும் பளீர் நீலத்தில் பெரும்பாலானவை சாயம் ஏற்றியவை. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே இதில் கைதேர்ந்துவிட்டார்கள். அகேட்டின் நுண்துளைகளில் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடை ஊறவைத்து, பிறகு இரும்பு உப்புக் கரைசலில் போட்டால் துளைக்குள்ளேயே பிரஷ்யன் நீலம் படிந்துவிடும். துளை நிறைந்த பட்டையில் நீலம் ஏறும், இறுகிய பட்டை வெள்ளையாகவே நிற்கும். அதனால் பார்ப்பதற்கு இயற்கை போலவே இருக்கும். சேலத்தில் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட்டுக்கும், ஹவ்லைட் என்ற இன்னொரு வெள்ளைக் கனிமத்துக்கும் நீலம் ஏற்றி லாபிஸ் என்று விற்பது இதைவிட மோசமான வேலை. நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துக் கல்லின் அடிப்பக்கம் தேய்த்துப் பார்த்தால் பல சாயங்கள் பஞ்சில் வந்துவிடும். விரிசல்களில் மட்டும் நீலம் கெட்டியாகத் தேங்கியிருந்தாலும் சந்தேகப்படலாம்.

சாயம் ஏற்றுவது குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் குற்றம். வான்நீலத்தில் மின்னும் ‘அக்வா ஆரா’ படிகங்களைப் பற்றிச் சிலர் நேர்மையாகவே சொல்லிவிடுகிறார்கள்: வெற்றிடக் கலத்தில் தங்க ஆவியைப் படியவைத்த சாதாரண குவார்ட்ஸ் அது. தங்கத்தைப் பூசி நீலம் வரவைப்பது ஒரு சாமர்த்தியம்தானே.

சாயமும் சூடும் படாத இந்திய நீலம் வேண்டுமென்றால் புனே அருகே வாகோலிக்கும் போகலாம். அங்குள்ள கருங்கல் குவாரிகளில் எரிமலைப் பாறைப் பொந்துகளுக்குள் கேவன்சைட் என்ற வனேடியக் கனிமம் பூப்போல விரிந்து கிடைக்கிறது. 1967இல் அமெரிக்காவின் ஓரிகனில் முதலில் அறியப்பட்ட கனிமம் இது. ஆனால் உலகச் சேகரிப்பாளர்கள் தேடுவது வாகோலி மாதிரியைத்தான். மெருகேற்ற முடியாது, தொட்டாலே உதிரும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத்தான் லாயக்கு.

தூத்துக்குடிக் காற்றில் உப்பும் ஈரமும் இருப்பதால் கல்லைப் பராமரிப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். லாபிஸில் தங்கப் புள்ளிகளாக மின்னுபவை பைரைட் என்ற இரும்பு சல்பைடு. ஈரக்காற்றில் அவை மெல்லக் கறுக்கும். எலுமிச்சை, வினிகர் போட்டுத் துடைத்தால் லாபிஸின் கூடுகள் அமிலத்தில் உடைந்து கந்தகம் அழுகிய முட்டை நாற்றமாக வெளியேறும். பட்ட இடத்தில் நீலமும் போகும். மென்மையான உலர்ந்த துணியே போதும். அசுரைட்டுக்குக் கடினம் மோஸ் அளவில் 3.5 முதல் 4. கடற்கரைக் காற்றில் பறந்துவரும் குவார்ட்ஸ் தூசி அதைவிடக் கடினம். ஆகவே துடைக்கும் முன் தூசியை ஊதிவிட வேண்டும், இல்லையேல் துணியே மெருகைக் கீறிவிடும். சோடலைட்டும் லாப்ரடோரைட்டும் அவ்வளவு நோஞ்சான்கள் அல்ல.

வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கல்லின் சக்தி என்ன, எந்தத் திசையில் வைக்கலாம் என்பதெல்லாம் விற்பவர் கேட்காமலே சொல்வார். எந்த ஊர்ச் சுரங்கத்தில் தோண்டியது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். சர்-இ-சங், கிஷன்கர், வாகோலி என்று ஏதாவது ஒரு பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக் கல்லோடு வைத்திருப்பது நல்லது. அருங்காட்சியகமோ தேர்ந்த சேகரிப்பாளரோ பின்னாளில் அந்தக் கல்லை மதிப்பிட வந்தால், நிறத்துக்கு முன்பாகப் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான்.